மூன்று ஸ்ட்ரைக் விழுந்த பிறகும் முதல் பேஸுக்கு ஓடலாமா?

சொஃப்ட்போல் என்ற மென்பந்து ஆட்டத்தில் மூன்றாவது ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய பந்து, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து; மூன்று விழுந்தால் வழக்கமாக அவுட்) விழுந்தும் எதிரணிப் பிள்ளை முதல் பேஸுக்கு, அதாவது பேட்டர் முதலில் ஓடிச் சேரும் இடத்துக்கு, ஓடினாள், நடுவரும் செல்லும் என்றார், இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான்.

திருகோணமலையில் மென்பந்து என்றால் உப்புவெளிக் கடற்கரையில் டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். சொஃப்ட்போல் வேறு, பேஸ்போலின் தங்கச்சி. பந்தும் பெயருக்குத்தான் மென்மை, 12 அங்குலச் சுற்றளவுப் பந்து முழங்காலில் பட்டால் தெரியும்.

சரி, விதிக்கு வருவோம். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) நிலத்தில் படாமல் பிடித்தால்தான் கதை முடியும். பந்து கை நழுவினாலோ மண்ணில் குத்தி வந்தாலோ, முதல் பேஸ் காலியாக இருந்தால் பேட்டர் ஓடலாம். ஏற்கெனவே இரண்டு பேர் அவுட் என்றால் அங்கே ஆள் நின்றாலும் ஓடலாம். மற்ற நேரத்தில் ஏன் தடை? கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, ஓட வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் இரண்டு பேரை ஒரேயடியாக அவுட் ஆக்கிவிடுவார், அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான்.

பேஸ்கள் எல்லாம் நிரம்பி இரண்டு அவுட் என்றால் கேட்சர் முதல் பேஸுக்கு எறியவே தேவையில்லை, மூன்றாம் பேஸில் நிற்பவரும் ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் அடிக்கும் இடத்தில் உள்ள தட்டு) ஓடியாக வேண்டும் என்பதால், பந்தோடு அதை மிதித்தால் போதும். பதற்றத்தில் பிள்ளைகள் இதை மறந்து, 60 அடி தள்ளியிருக்கும் முதல் பேஸுக்கு எறிந்து, அதுவும் வெளியே போய் ஓட்டத்தைக் கொடுப்பார்கள்.

சின்ன வயதுப் பிரிவுகளில் சில இடங்களில் இந்த விதியையே எடுத்துவிடுவார்கள். சுற்றுப்போட்டிக்கு முன் விதித்தாளை ஒருதரம் பாருங்கள்.