உரிமமும் ரிவெட்டும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இலகு விமானங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவில் பலர் வீட்டுக் கேரேஜிலேயே விமானம் கட்டிப் பறக்கிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். அந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. நான் டெக்சாஸில் இருக்கிறேன். எச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறேன். இரண்டு கார் நிற்கும் கேரேஜ் இருக்கிறது. வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-9ஏ விமானத்தை, பாகங்களாக விற்கும் கிட் வாங்கிக் கட்டலாம் என்று எண்ணம்.

நண்பர் ஒருவர் சொல்கிறார்: ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்கு 20 மணி நேரம் பறந்தால் போதும். மருத்துவச் சான்று தேவையில்லை, கார் லைசென்ஸே போதும். 51 சதவீதம் நாமே செய்தால் அதிகாரிகள் தலையிட மாட்டார்கள். விமானத்தைக் கட்டி முடித்து அதிலேயே பயிற்சி எடுத்தால் பள்ளிக்குக் கொடுக்கும் வாடகையும் மிச்சம். இதெல்லாம் சரியா? தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கத் தெரியாதவன் கற்றுக்கொள்ள முடியுமா? வரைபடத்தில் உள்ளதை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

எஸ்., டெக்சாஸ்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் விமானத்துக்குக் கிடைக்கும் 'என்' பதிவெண், தனிநபர் என்றால் குடிமக்களுக்கோ கிரீன் கார்டு உள்ளவர்களுக்கோ மட்டும்தான். எச்-1பி விசாவில் இருப்பவர் தன் பெயரில் பதிய முடியாது. குடிமகனான நண்பரோடு கூட்டாகவும் பதிய முடியாது. அமெரிக்கர் ஒருவரை அறங்காவலராக வைத்து டிரஸ்ட் பெயரில் பதியும் வழி உண்டு, அதற்கு வக்கீல் செலவும் ஆண்டுச் செலவும் இருக்கிறது. கட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் பதிவு இல்லாமல் பறக்கத் தகுதிச் சான்று கிடையாது. கட்டியவருக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) கொடுக்கும் ரிப்பேர்மேன் சான்றிதழுக்கும் இதே குடியுரிமை நிபந்தனைதான். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் 12 மாதத்துக்கு ஒருமுறை வரும் நிலை ஆய்வை நீங்களே செய்து கையெழுத்திடலாம். இல்லாவிட்டால் ஆண்டுதோறும் ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போக வேண்டும்.

பறக்கக் கற்க இந்தத் தடை இல்லை. குடிமகன் அல்லாதவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் உட்பட, பயிற்சிக்கு முன்பு போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (டி.எஸ்.ஏ.) ஒப்புதல் பெற வேண்டும். பயிற்றுநரும் அந்தத் தளத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். 'ஒருமுறை பறந்து பாருங்கள்' என்று பள்ளிகள் நடத்தும் அறிமுகப் பறத்தலுக்கு இது வேண்டாம். அதை இந்த வாரமே செய்யலாம்.

இனி நண்பரின் திட்டம். அதில் நடக்கவே நடக்காதது கடைசி அம்சம்தான். புதிதாகக் கட்டிய விமானம் முதல் கட்டச் சோதனையில் இருக்கும்போது, அந்தப் பறத்தலுக்கு இன்றியமையாதவரைத் தவிர வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இன்ஜினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற இணை என்றால் இந்தக் கட்டம் பொதுவாக 25 மணி நேரப் பறத்தல், இல்லையென்றால் 40. 2023 முதல் மணிக்கணக்குக்குப் பதிலாகச் சோதனைப் பட்டியலை முடித்து வெளியேறும் வழியும் உண்டு. எப்படியானாலும், ஒரு புதியவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் அந்த 'இன்றியமையாதவர்' ஆக மாட்டார். தகுதியுள்ள இன்னொரு விமானியைக் கூட ஏற்றிக்கொள்ள எஃப்.ஏ.ஏ. ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. அது சோதனைக்கு உதவ, பாடம் நடத்த அல்ல. ஆக, அந்தக் கட்டத்தில் ஓட்டுபவர் ஏற்கெனவே உரிமம் பெற்றவராக இருந்தாக வேண்டும். இது சட்டத்தின் பிடிவாதம் மட்டும் இல்லை. ஓடவே ஓடியிராத இன்ஜின், யாரும் பறந்து பார்க்காத இறக்கை, தரையிறக்கத் தெரியாத விமானி, மூன்றையும் ஒரே நாளில் சோதிக்க எவரும் துணிய மாட்டார்கள்.

20 மணி நேரம் என்பது சட்டம் சொல்லும் அடித்தளம். அதில் 15 மணி பயிற்றுநருடன், 5 மணி தனியாக. பயிற்றுநருடன் 2 மணி நேர வெளியூர்ப் பறத்தல், ஓடுபாதையில் முழுதாக நின்று புறப்படும் 10 தரையிறக்கங்கள், தனியாக மொத்தம் 75 கடல் மைல் தூரம், அதில் ஒரு பகுதியாவது 25 கடல் மைல், இரண்டு இடங்களில் இறக்கம். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் 2 மணி நேரத் தயாரிப்பு. 20-இல் தேர்வுக்குப் போகிறவர்கள் அரிது. வாரம் ஒருமுறை மட்டும் போனால் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் இருபது நிமிடம் போன வாரத்தை நினைவுபடுத்தவே போய்விடும். வாரம் மூன்று வகுப்பு என்று பணத்தையும் விடுப்பையும் சேர்த்துவைத்துக்கொண்டு தொடங்குவதே மலிவு.

ஆர்வி-9ஏ-வை ஸ்போர்ட் பைலட் ஓட்டலாமா என்பதில் உங்களுக்கு நேரம் கைகொடுத்திருக்கிறது. 2004-இல் வந்த விதிப்படி ஸ்போர்ட் பைலட்டின் விமானம் 1320 பவுண்டு எடைக்கும் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்துக்கும் உட்பட்டிருக்க வேண்டும். 9ஏ-வின் முழு எடை 1750 பவுண்டு, வேகமும் கூடுதல். அப்போது அது தொட முடியாத விமானம். 'மொசைக்' என்று அழைக்கப்படும் புதிய விதி 2025 அக்டோபர் 22 முதல் விமானிகளுக்கு நடைமுறைக்கு வந்ததும் எடைக் கணக்கு போய்விட்டது. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் மடல்களை இறக்காத நிலையில், ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 59 நாட் அளவுக்குள் இருந்தால் போதும். 9ஏ அதில் வசதியாக அடங்கும். இருக்கை நான்கு இருந்தாலும் உடன் வருபவர் ஒருவர்தான், அது மாறவில்லை. இரவில் பறக்கத் தனிப் பயிற்சியும், வெறும் கார் லைசென்ஸுக்கு மேற்பட்ட மருத்துவத் தகுதியும் வேண்டும். என் கருத்தில், தொலைதூரம் போகும் எண்ணம் இருந்தால் 40 மணி நேர பிரைவேட் உரிமத்துக்கே போய்விடுங்கள். அதில் கட்டாயமாக வரும் 3 மணி நேரக் கருவிப் பயிற்சி, மேகத்துக்குள் தவறிப்போய் மாட்டிக்கொண்டால் திரும்பி வெளியேறும் அளவுக்காவது கைகொடுக்கும்.

மருத்துவச் சான்றில் ஒரு பொறி இருக்கிறது. கார் லைசென்ஸ் வழி, எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றுக்கு நீங்கள் கடைசியாக விண்ணப்பித்தது மறுக்கப்படாமல் இருந்தால்தான் திறந்திருக்கும். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று விண்ணப்பம் போட்டு மறுக்கப்பட்டால், அந்த மறுப்பைச் சரிசெய்யும்வரை ஸ்போர்ட் பைலட் வாசலும் மூடிவிடும். சந்தேகம் இருந்தால் விமானத்துறை மருத்துவரிடம் விண்ணப்பம் இல்லாமல், ஆலோசனையாக மட்டும் முதலில் பேசுங்கள். லைசென்ஸ் இருந்தும் உடம்பு சரியில்லாத நாளில் பறப்பது சட்டப்படியே தவறு.

51 சதவீதம் என்பது செலவழித்த மணிக்கணக்கு இல்லை. எஃப்.ஏ.ஏ.-யிடம் ஒரு வேலைப் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள உருவாக்கும் வேலைகளிலும் பொருத்தும் வேலைகளிலும் பெரும்பகுதியை, கற்கவோ பொழுதுபோக்காகவோ கட்டுபவர்கள் செய்திருக்க வேண்டும். பெயின்ட், இருக்கைத் தையல், இன்ஜின், புரொப்பெல்லர், வானொலிக் கருவிகள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவற்றைக் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். ஏற்கெனவே மதிப்பிடப்பட்ட கிட்களின் பட்டியலை எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கிறது. அதில் உள்ள கிட் என்றால், கட்டியது நீங்கள்தான் என்று காட்டுவதே மிச்சம். ஒவ்வொரு வேலை நாளுக்கும் தேதி, செய்தது, எடுத்துக்கொண்ட நேரம், உங்கள் முகமும் கையும் தெரியும் படம். பளபளக்கும் பாகத்தை மட்டும் படமெடுத்துவைத்தால் ஆய்வாளருக்கு அது எதையும் சொல்லாது.

'அதிகாரிகள் தலையிட மாட்டார்கள்' என்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். ஆய்வாளர் பெரும்பாலும் கடைசியில் ஒருமுறை வருவார். அப்போது இறக்கை மூடியிருக்கும், உள்ளே இருக்கும் ரிவெட் தெரியாது. அதனால்தான் 1953-இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கான இ.ஏ.ஏ. சங்கத்தின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் வாங்குவதில்லை. வால் பகுதி மூடும் முன், இறக்கையின் அடித்தகடு மூடும் முன், எரிபொருள் தொட்டி மூடும் முன், இன்ஜின் பொருத்திய பின் என்று நான்கு முறையாவது கூப்பிடுங்கள்.

ரிவெட் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். ஒரு வார இறுதியில் கை பழகும், ஆனால் கண் பழகச் சில நூறு ரிவெட் ஆகும். ஆர்வி-யில் பெரும்பாலும் இரண்டு அளவு: 3/32 அங்குலமும் 1/8 அங்குலமும். முதலாவதற்கு 40-ஆம் எண் டிரில் துளை, வெள்ளி நிற கிளிகோ (ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் கவ்வி). இரண்டாவதற்கு 30-ஆம் எண் துளை, செம்பு நிற கிளிகோ. துளையைச் சரியான அளவுக்கு விரித்தபின் தகடுகளைக் கழற்றி, இருபுறமும் பிசிறு எடுக்க வேண்டும். எல்லோரும் அவசரப்படும் இடம் இதுதான். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிசிறு மாட்டினால் தகடுகள் ஒட்டாது, அடிக்கும்போது ரிவெட்டின் உடல் அந்த இடைவெளியில் பிதுங்கும். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும், பலம் இருக்காது. பிசிறை அதிகமாகச் சுரண்டினாலும் கேடு. 0.020 அங்குலத் தகட்டில் துளை விளிம்பு கத்திமுனையாகி அங்கிருந்தே விரிசல் தொடங்கும்.

ரிவெட்டின் நீளம், தகடுகளின் மொத்தத் தடிமனோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு. அடித்து முடித்தபின் பின்பக்கத் தலையின் அகலம் விட்டத்தில் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். 1/8 ரிவெட் என்றால் அகலம் 3/16, உயரம் 1/16. இதற்கென்று விற்கும் அளவுத்தகட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால், பின்பக்கம் தாங்கிப் பிடிக்கும் இரும்புக்கட்டியான பக்கிங் பாரைக் கோணலாகப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது ரிவெட் நீளம் அதிகம். முன்தலையைச் சுற்றித் தகட்டில் பிறைபோலத் தழும்பு விழுந்தால், காற்றழுத்தத்தில் ரிவெட் அடிக்கும் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டீர்கள். 3/32-க்குக் காற்றழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துத் தொடங்கி, வீண் தகட்டில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கெட்ட ரிவெட்டை எடுக்கத் தலையின் நடுவில், துளையைவிடச் சின்ன டிரில்லால், தலையின் ஆழம் வரை மட்டும் துளைத்து, பன்ச் கொண்டு தலையை முறித்துவிட்டு, உடலைப் பின்னாலிருந்து தாங்கித் தட்டி வெளியேற்ற வேண்டும். புதியவர்கள் டிரில்லை முழுதாக இறக்கித் துளையை முட்டை வடிவமாக்கிவிடுவார்கள். சற்றே குறைவாக அடிபட்ட ரிவெட்டை அப்படியே விடுவது, அதை எடுக்கப்போய்த் துளையைக் கெடுப்பதைவிட நல்லது. ஒரே துளையில் மூன்றாவது முறை எடுக்கும் நிலை வந்தால் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுங்கள்.

போல்ட்டுகளை இறுக்கும் முறுக்குவிசை, 3/16 அங்குல ஏஎன்3-க்கு 20 முதல் 25 இன்ச்-பவுண்ட், கால் அங்குல ஏஎன்4-க்கு 50 முதல் 70. பூட்டு நட்டை வெறுமனே திருகவே கொஞ்சம் விசை வேண்டும், அதை அளந்து இதோடு கூட்ட வேண்டும். நைலான் வளையம் உள்ள நட்டை இன்ஜின் அறையில் போடக்கூடாது, வெப்பத்தில் பிடி போய்விடும். சுழலக்கூடிய இணைப்பில் அது ஆகாது. அங்கே விளிம்பில் பள்ளம் வெட்டிய காஸில் நட்டும், அதன் குறுக்கே செருகி மடக்கும் காட்டர் பின்னும்தான்.

மாற்றம் செய்யலாமா என்று கேட்டீர்கள். சட்டம் தடுக்காது. பர்ட் ருட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி விமானம் ஒன்றில், அதைக் கட்டியவர் எரிபொருள் குழாயை விமானியறைக்குள் கொண்டுவராமல் இருக்க, தொட்டி மாற்றும் கைப்பிடியை வரைபடத்தில் இருந்த இடத்திலிருந்து எடுத்து விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். அதைப் பின்னர் வாங்கியவர் பாடகர் ஜான் டென்வர். 2000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தார். எட்டாத இடத்தில், குறியிடாமல் இருந்த கைப்பிடியும், அளவு குறிக்காத எரிபொருள் காட்டியும், அந்த விமானத்துக்கென்று போதிய பயிற்சி இல்லாததும் விசாரணை அறிக்கையில் ஒன்றாக இடம்பெற்றன. கட்டுமானத் தவறும் பயிற்சிக் குறைவும் தனித்தனியே இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். ஆகவே இருக்கைத் துணியிலும் பெயின்டிலும் உங்கள் கற்பனையைக் காட்டுங்கள். எரிபொருள், கட்டுப்பாட்டுக் கம்பிகள், இறக்கை இணைப்பு மூன்றிலும் வரைபடம் சொன்னபடி மட்டும்.

எரிபொருளில் இன்னொன்று. தொட்டியின் உள்ளே பசை பூசி மூடியபின், ஒரு துளையில் பலூனைக் கட்டி, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிச் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பார்கள். பலூன் எதற்கென்றால், காற்று கூடினால் அது உப்பும், தொட்டி உப்பாது. பறக்கும் முன் மூக்கை ஏற்றக்கோணத்துக்கு உயர்த்திவைத்து, இன்ஜினுக்கு வரும் எரிபொருளை வாளியில் பிடித்து அளக்க வேண்டும். முழுத்திறனில் மணிக்கு 15 கேலன் குடிக்கும் இன்ஜின் என்றால், பம்ப் வழியாக ஏறத்தாழ 19 கேலன் வர வேண்டும். அதன்பின் வடிகட்டிகளைத் திறந்து பாருங்கள். அலுமினியத் தூளும் பசைத் துணுக்கும் அங்கே கட்டாயம் இருக்கும். அவை இல்லாத அளவுக்கு வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். முதல் சில பறத்தல்களில் இன்ஜின் நிற்க இந்தத் துணுக்குகளும் ஒரு காரணம் ஆகலாம்.

வேலை வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டி.எஸ்.ஏ. ஒப்புதல், பிறகு உரிமம். அதே காலத்தில் வால் கிட் மட்டும் வாங்குங்கள், முழு கிட் வேண்டாம். வாலோடு நின்றுபோகிறவர்கள் நிறைய, அது குறைந்த நட்டம். மொத்தம் 1500 மணி நேரத்துக்குக் குறையாது; வாரம் 10 மணி என்றால் மூன்றாண்டு. கிரீன் கார்டு வரிசையோடு அது போட்டிபோடட்டும். அந்த மூன்றாண்டும் மாதம் இரண்டு முறையாவது வாடகை விமானத்தில் பறந்துகொண்டே இருங்கள். கட்டுவதில் மூழ்கி இரண்டாண்டு பறக்காமல் இருந்துவிட்டு நேராக முதல் பறத்தலுக்கு வருவது இந்த வட்டாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. கடைசி மாதத்தில், ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் ஓர் ஆர்வி-யில், அதற்கென்றே பயிற்சி தருபவரிடம் 5 மணி நேரமாவது எடுங்கள். ஆர்வி-யின் கட்டுப்பாடு, பயிற்சிப் பள்ளிகளில் வழக்கமாக இருக்கும் செஸ்னா விமானத்தைவிட மிக லேசானது, தரையிறங்கும்போது மூக்குச் சக்கரத்தைக் கடைசிவரை தூக்கிப் பிடிக்கும் பழக்கமும் வேண்டும்.

வால் கிட்டுக்கும் முன்பு, அதே நிறுவனம் விற்கும் சிறிய பயிற்சி கிட் ஒன்றை வாங்குங்கள். அதைக் கட்டி முடித்தபின், நன்றாக வந்த பத்து ரிவெட்டை வேண்டுமென்றே எடுத்துவிட்டு மறுபடி அடியுங்கள். துளை வட்டமாகவே இருந்தால் வால் கிட்டுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.