பொன்னிற வண்டு பொறிவண்டா?

கேள்வி: எங்கள் வீட்டருகே கால்வாய் ஓரத்தில் வளர்ந்திருக்கும் நெய்வேலி காட்டாமணக்கு இலையில், தங்கத் தகடு ஒட்டியது போன்ற வண்டு ஒன்றைக் கண்டு டப்பாவில் வைத்திருந்தேன். இறந்தபின் அது பழுப்பாகிவிட்டது. இது பொறிவண்டு வகையா?
– வாசகர், வேளச்சேரி, சென்னை.

பதில்: தாங்கள் கண்டது பொறிவண்டு அன்று, இலை வண்டுகளின் குடும்பமான கிரைசோமெலிடேயில், கசிடினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்த ஆமை வண்டு. மேலோட்டின் விளிம்பு ஒளி ஊடுருவும்படி மெலிந்து, உடலைத் தாண்டி விரிந்து, தலையையும் கால்களையும் மூடிக்கொண்டிருப்பதே இதன் முதல் அடையாளம். பொறிவண்டுக்கு அத்தகைய விளிம்பு கிடையாது. அதன் உணர்கொம்பும் குட்டையாக, நுனி தடித்திருக்கும். ஐயம் தீராவிட்டால் உருப்பெருக்கியில் பாதத்தைப் பார்க்கலாம். பொறிவண்டின் பாதத்தில் மூன்று கணுக்களும் இலை வண்டின் பாதத்தில் நான்கும் தெரியும். உண்மையில் இரண்டிலுமே, ஈரிதழாகப் பிளந்த ஒரு கணுவுக்குள் சிறு கணு ஒன்று மறைந்திருக்கிறது.

நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கக் கூடாது. மேலோட்டின் ஈரமான நுண்ணடுக்குகள் ஒளியைப் பிரதிபலிப்பதால் உண்டாகும் பொன்னிறம், வண்டு இறந்து உலர்ந்ததும் மறைந்துவிடும். அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்திருக்கும் மாதிரிகள் மங்கலாக இருப்பதும் இதனால்தான்.

நிறத்தைவிட உணவுச் செடி நல்ல சாட்சி. நெய்வேலி காட்டாமணக்கு, சர்க்கரைவள்ளியின் பேரினமான ஐப்போமியாவைச் சேர்ந்தது. அதில் காணப்படும் ஆமை வண்டுகளுள் ஆஸ்பிடிமார்ஃபா பேரினத்தவை முக்கியமானவை. அவற்றுள் மிலியாரிஸ் என்னும் இனம் வெளிர்மஞ்சளில் கரும்புள்ளிகளோடு இருப்பதால், பலரும் அதையும் பொறிவண்டு என்றே எண்ணிவிடுகிறார்கள். அதே இலைகளைப் புரட்டிப் பார்த்தால் புழுக்களும் அகப்படலாம். உடலோரம் முழுதும் முட்கள் நிறைந்த இப்புழுக்களில் பல, தாம் உரித்த தோலையும் சில வேளைகளில் எச்சத்தையும் வால்நுனிக் கவையில் சேர்த்து, முதுகுக்கு மேல் குடைபோல் தூக்கித் திரியும். அருவருப்பான கேடயம்தான், ஆனால் எறும்புகளைத் தடுக்க உதவுகிறது.

வகைப்பாட்டில் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். பூச்சியியலாளர் மௌலிக் 1919இல் வெளியிட்ட இந்திய விலங்கின நூல் கசிடினேயையும், முள்வண்டுகள் அடங்கிய ஹிஸ்பினேயையும் தனித்தனித் துணைக்குடும்பங்களாகவே வைத்தது. இன்று நெல்லைத் தாக்கும் முள்வண்டு உள்ளிட்ட ஹிஸ்பினேக்களும் கசிடினேக்குள் அடக்கப்படுகின்றன. எனவே பழைய நூலை வைத்துப் பெயர் தேடுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனப்பெயரை உறுதிசெய்ய, சிலவற்றில் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பையே ஆராய வேண்டியிருக்கும். அடுத்த முறை வண்டு உயிரோடு இருக்கும்போதே மேற்புறம், அடிப்புறம், புழு, செடி ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து அனுப்பினால், பேரினம் வரையிலாவது சொல்ல முயலலாம்.