வேக்குவம் லைனுக்கு (பம்ப் காற்றை உறிஞ்சும் குழாய்) வயர்லெஸ் சென்சார்: உங்கள் கேள்விகள்

கேள்வி (ஓசூர்): சார், பம்ப் பக்கம் கேஜ் சரியாகத்தான் காட்டுகிறது. கடைசி மெஷினில் மட்டும் சக்ஷன் கப் தகட்டைப் பிடிப்பதில்லை. சென்சாரை எங்கே வைப்பது?

பதில்: கடைசி மெஷின் பக்கத்தில் ஒன்று, பம்ப் வாயில் ஒன்று. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது கூடினால் லைனில் கசிவு அல்லது அடைப்பு. வித்தியாசம் கூடாமல் இரண்டு இடத்திலும் அழுத்தம் ஏறினால் முதலில் பம்பைக் கவனியுங்கள். டேப்பிங்கை, அதாவது சென்சார் பொருத்தும் துளையை, குழாயின் மேல்பக்கம் எடுங்கள். அடியில் எடுத்தால் தண்ணீரும் எண்ணெயும் சென்சாருக்குள் இறங்கிவிடும்.

கேள்வி (ஊட்டி, தேயிலை பேக்கிங்): அலாரம் −0.9 பாரில் வைத்தோம். அடித்துக்கொண்டே இருக்கிறது.

பதில்: உங்கள் ஊர் 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தமே சுமார் 0.77 பார்தான். மைனஸ் எண் என்பது வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்பதுதான். அதனால் எந்தப் பம்ப் போட்டாலும் −0.9 வராது. முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கும் அப்சொல்யூட் சென்சார் வாங்கி, மில்லிபாரில் அலாரம் வையுங்கள்.

கேள்வி: பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே அண்ணா?

பதில்: பேட்டரியைத் தின்பது பெரும்பாலும் ரேடியோதான். சில விநாடிக்கு ஒருமுறை அளக்கட்டும். அளவு மாறினால் மட்டும் உடனே அனுப்பட்டும், மற்றபடி பத்து நிமிடத்துக்கு ஒன்று போதும். லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ) என்றால் இந்தியாவுக்கான 865–867 மெகாஹெர்ட்ஸ் மாடலா என்று பார்த்து வாங்குங்கள். ஆன்டெனாவை இரும்புக் குழாயோடு ஒட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: கசிவா, உள்ளே ஈரமா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஷிஃப்ட் முடிந்ததும் பம்ப் வால்வை மூடிவிட்டு, அழுத்தம் ஏறுவதைப் பதிவு செய்யுங்கள். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி, வளைந்து, படுத்துவிட்டால் ஈரம். 30 டிகிரியில் நீராவி அழுத்தம் சுமார் 42 மில்லிபார், அதற்கு மேல் ஈரத்தால் ஏற்ற முடியாது. கசிவின் அளவும் கிடைக்கும்: குழாயின் கொள்ளளவு 200 லிட்டர், 100 விநாடியில் 10 மில்லிபார் ஏறினால், விநாடிக்கு 20 மில்லிபார்-லிட்டர். வாரம் ஒருமுறை இதே சோதனையைச் செய்து எண்ணைக் குறித்து வையுங்கள். பிறகு லைனைப் பகுதி பகுதியாக மூடிப் பார்த்தால் எந்தப் பகுதி என்று பிடிபடும்.

கேள்வி: சால்வென்ட் ஆவி வரும் லைனில் பிரானி கேஜ் போடலாமா?

பதில்: வேண்டாம். பிரானி, வாயு வெப்பத்தைக் கடத்துவதை வைத்து அழுத்தத்தைக் கணிக்கும் கேஜ். வாயு மாறினால் அதன் அளவும் மாறும். மெல்லிய தகடு அழுத்தத்தில் வளைவதை நேரடியாக அளக்கும் கெப்பாசிடன்ஸ் டயாஃப்ரம் வகை போடுங்கள். தீப்பற்றும் பகுதி என்றால் சென்சார், பேட்டரி இரண்டும் அந்த ஜோனுக்குச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும். மாற்று பேட்டரியைக் கடையில் கிடைத்ததென்று போட்டுவிடாதீர்கள்.