லட்சக்கணக்கில் விலை போகும் சுவிஸ் வாட்ச்களுக்குள் வேறு கம்பெனி செய்த மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் உள் இயந்திரம்) இருக்கிறதாமே, அது ஏமாற்று வேலைதானே?

இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சுவிஸ் வாட்ச் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது.

ஆடெமார் பிகேயின் ராயல் ஓக் (1972), பட்டேக் ஃபிலிப்பின் நாட்டிலஸ் (1976), வாஷெரோன் கான்ஸ்டன்டினின் 222 (1977). இன்று சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்ளும் இந்த மூன்றுக்குள்ளும் துடித்தது ஒரே அடிப்படை மூவ்மென்ட்: ஜேகர் லெகூல்த்ர் என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனி 1967ல் கொண்டுவந்த 920. தடிமன் வெறும் 2.45 மில்லிமீட்டர், தேதி சேர்த்தால் 3.05. பின்மூடியைத் திறந்தால் அதன் அழகு தெரியும். வாட்சுக்குத் தானாகச் சாவி ஏற்றும் ரோட்டாரின் விளிம்பில் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையம் சின்னச் சின்ன மாணிக்கக்கல் உருளைகள் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவு மெல்லிய ரோட்டார் தொங்கிப்போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வேடிக்கை என்னவென்றால், செய்த ஜேகர் லெகூல்த்ர் தன் பெயர் போட்ட வாட்ச் எதிலும் இதை வைக்கவே இல்லை. வாங்கிய மூவரும் தங்கள் பட்டறையில் மெருகேற்றி, 2121, 28-255, 1121 என்று ஆளுக்கொரு எண் போட்டுக்கொண்டார்கள். ஆடெமார் பிகே அதை லேசில் விடவில்லை. ராயல் ஓக்கின் 50ஆம் ஆண்டில், 2022ல்தான் அந்த இடத்துக்கு அவர்களே செய்த 7121 வந்தது.

இது ஒரு தடவை நடந்த கதையும் இல்லை. நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் 321 மூவ்மென்ட், லெமானியா என்ற கம்பெனியின் 2310தான். அதே மூவ்மென்ட் பின்னாளில் பட்டேக்கின் க்ரோனோகிராஃப்களுக்கும் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்கள்) அடிப்படையானது. ரோலெக்ஸ் டேடோனாவில் 1988 முதல் 2000 வரை ஓடியது ஜெனித் கம்பெனியின் எல் ப்ரிமெரோ மூவ்மென்ட். மணிக்கு 36,000 துடிப்பை 28,800 ஆகக் குறைத்து, தேதியை எடுத்துவிட்டு, துடிப்பைச் சீராக்கும் பாலன்ஸ் சக்கரப் பகுதியையே மாற்றிய பிறகுதான் ரோலெக்ஸ் தன் எண்ணைப் போட்டது.

ஏன் இப்படி? சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பள்ளத்தாக்குகளில் வேலை ஆரம்பத்திலிருந்தே பிரிந்து கிடந்தது. ஒருவர் பல்சக்கரம் வெட்டுவார், இன்னொருவர் டயல் செய்வார், பெயர் போடுபவர் எல்லாவற்றையும் சேர்த்துச் சரிபார்ப்பார். முடிக்கப்படாத மூவ்மென்டுக்கு எபோஷ் என்று பெயர். அதைச் செய்த பெரிய கம்பெனிகள் சில 1926ல் எபோஷ் எஸ்.ஏ. என்று ஒன்றுசேர்ந்தன. அந்த வழியில் வந்ததுதான் ஸ்வாட்ச் குழுமத்தின் இன்றைய மூவ்மென்ட் கம்பெனியான ஈடிஏ.

'எல்லாம் எங்கள் பட்டறையிலேயே செய்தது' என்ற பெருமை இவ்வளவு பெரிதானதற்கு ஒரு காரணம், ஸ்வாட்ச் குழுமத்தின் நிக்கோலஸ் ஹாயெக் 2002ல் போட்ட குண்டு: ஈடிஏ இனி வெளியாருக்கு எபோஷ் தராது என்றார். சுவிஸ் போட்டி ஆணையம் தலையிட்டதால் அது உடனே நடக்கவில்லை. ஆனாலும் பயந்துபோன பிராண்டுகள் சொந்த மூவ்மென்ட் செய்யவோ, செலிட்டா மாதிரி வேறு மூவ்மென்ட் கம்பெனியிடம் வாங்கவோ ஓடின. சொந்தமாகச் செய்தவர்கள் அந்தச் செலவை விளம்பரமாக்கிவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். செலிட்டாவைப் பெரிதாக எதுவும் செய்யாமல் அப்படியே வைத்து, மேலே சொந்த எண்ணைப் பொறித்து, விலையை இரண்டு மடங்காக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. வாங்கும்முன் அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பாருங்கள், அடிப்படை எது என்று பெரும்பாலும் கிடைத்துவிடும். மற்றபடி செலிட்டாவோ ஈடிஏவோ இருப்பது உங்களுக்கு லாபம்தான். விவரம் தெரிந்த வாட்ச் ரிப்பேர்க்காரர் யாராக இருந்தாலும் பிரித்துச் சரிசெய்வார், உதிரி பாகமும் கிடைக்கும். சொந்த மூவ்மென்ட் என்றால் பெரும்பாலும் கம்பெனிக்கே அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.