மார்கழியில் பூத்த மா: மருந்தைக் கலக்குமுன் குழாயைத் திருப்புங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தாம்பரம் பக்கம் மாடம்பாக்கத்தில் ஒன்றரை கிரவுண்டில் வீடு. பின்கட்டில் பங்கனப்பள்ளி, ருமானி, நீலம் என மூன்று ஒட்டு மா, வயது பதினொன்று. இந்த வருஷம் மழை கார்த்திகையோடு நின்றது. மார்கழி பிறந்ததுமே பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது. மாதம் பாதி முடிவதற்குள் பங்கனப்பள்ளி பூத்துவிட்டது. பொங்கலை ஒட்டி மூன்று நாள் மழை, பிறகு தினமும் மூடுபனி. இப்போது பூங்கொத்து நுனியிலிருந்து கறுக்கிறது, இலையெல்லாம் பிசுபிசுக்கிறது. அதே மரத்தில் இன்னொரு பக்கம் செம்பு நிறத்தில் கொழுந்து விடுகிறது. குயில்கூடக் கூவ ஆரம்பித்துவிட்டது. கோடை முன்னாடியே வந்துவிட்டதா? கடையில் பூ நிற்க ஒரு டானிக், பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று கொடுத்து, மூன்றையும் ஒரே டாங்கில் கலந்து அடிக்கச் சொன்னார்கள். அடுத்த வருஷத்துக்கு வேரில் ஊற்ற, வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கும் பாக்லோபூட்ரசால் வேறு. நீலம் இன்னும் பூக்கவே இல்லை. தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை. வாஷிங் மெஷின் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுநீரும் நேராக மரத்தடிக்குத்தான் போகிறது. எதை எப்போது அடிப்பது?

பதில்: அம்மா, பூ விரிந்திருக்கும் மரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மாவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள்தான். தேனீயின் பங்கு அதைவிடக் குறைவு. பூவில் மொய்க்கும் ஈயைக் கொன்றுவிட்டு, பூ நிற்க டானிக் அடிப்பதில் என்ன அர்த்தம்? மூன்று பாட்டிலையும் அலமாரியில் வையுங்கள். கடைக்காரர் மூன்று பாட்டில் விற்றார், அவர் வேலை முடிந்தது. பூச்சியா பூஞ்சையா என்று பார்த்துச் சொல்ல அவருக்கு நேரமில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் கலக்கச் சொல்கிறார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே மரத்தில் ஒரு பக்கம் பூவும் ஒரு பக்கம் கொழுந்தும் ஏன்? விடை உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது: தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குறை வைத்திருக்க வேண்டும்.

வட இந்தியாவில் மா பூக்கக் குளிரே போதும். சென்னையில் தை மாத விடியற்காலையிலேயே 20, 21 டிகிரி இருக்கும். மாவைப் பொறுத்தவரை இது குளிரே இல்லை. இங்கே மரத்தைப் பூக்க வைப்பவை இரண்டு: நான்கைந்து மாதம் முதிர்ந்த கிளைநுனி, மழை ஓய்ந்தபின் வேருக்குக் கிடைக்கும் காய்ச்சல், அதாவது ஈரமில்லாத உலர்வு. அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் விட்ட தளிர் மார்கழிக்குள் முதிர்ந்துவிடும். காய்ச்சல் கிடைத்ததும் பூக்கும். ஐப்பசி மழையில் விட்ட தளிருக்கு அந்த வயது வராது. ஈரம் கிடைத்தால் அது மறுபடி இலையைத்தான் தள்ளும். உங்கள் பங்கனப்பள்ளியில் நடப்பது இதுதான். மார்கழியில் மா பூப்பது அதிசயமும் இல்லை; மழை சீக்கிரம் ஓய்ந்ததால் பத்துப் பதினைந்து நாள் முந்தியிருக்கிறது, அவ்வளவே. குயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மழை முன்னதாக நின்ற வருஷம் மாவுக்கு நல்ல வருஷம். வானம் கொடுத்த காய்ச்சலை உங்கள் குழாய் கெடுத்துவிட்டது. மேல்மூடி வாஷிங் மெஷின் ஒருமுறை ஓடினால் சுமார் 100 லிட்டர் வெளியே வரும். வாரத்துக்கு நான்கு முறை என்றால் வேர் எப்போது காயும்? ஆர்.ஓ. கழிவு இன்னும் மோசம். போர் தண்ணீரின் உப்பு முழுவதும் திரண்டு வருவது அதில்தான். மா உப்பு தாங்காது. பழைய இலைகளைப் பாருங்கள்: நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகியிருந்தால் அது உப்பின் வேலை, எந்த மருந்துக்கும் கேட்காது.

ஆகவே இன்றைக்கே ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயைத் திருப்புங்கள். துணி துவைத்த தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்கள். ஆர்.ஓ. கழிவு வாளியில் பிடித்துக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் ஆகும். எந்தச் செடிக்கும் வேண்டாம். மாவுக்கு நல்ல தண்ணீர்கூடப் பிஞ்சு பட்டாணி அளவு வரும்வரை கிடையாது. அதன்பின் பத்து நாளைக்கு ஒருமுறை, கிளை நிழல் விழும் ஓரத்தில் வட்டப்பாத்தி கட்டி ஆழமாக நனையவிடுங்கள், அடிமரத்தை ஒட்டி அல்ல. சாணமோ புண்ணாக்கோ யூரியாவோ மார்கழி, தையில் போடவே கூடாது. போட்டால் அத்தனையும் இலையாகத்தான் வரும். பத்து வயது தாண்டிய மரத்துக்கு 50 கிலோ தொழுஉரம், செப்டம்பர்–அக்டோபரில், அதோடு சரி. (மொட்டைமாடி டிரம்மில் மா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடியோடு நிறுத்திவிடாதீர்கள், அங்கே தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் போதும்.)

இனி கறுப்புக்கு வருவோம். காலையில் மரத்தடியில் நின்று ஒரு பூங்கொத்தை வெள்ளைத் துணிமேல் உதறுங்கள். ஆப்பு வடிவில் சிறு பூச்சிகள் துள்ளி விழுந்தால் அது தத்துப்பூச்சி. அது கழிக்கும் தேன்போன்ற கழிவுதான் பிசுபிசுப்பு. அதன்மேல் படர்வதுதான் கரும்படலம். பூக்காம்பில் மிளகுத்தூள் சிதறினாற்போல் கரும்புள்ளி விழுந்து, மழைக்குப்பின் பூ பொலபொலவென்று கொட்டினால் அது ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். திருநீறு பூசினாற்போல் வெள்ளைத்தூள் என்றால் சாம்பல் நோய். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலிரண்டும் சேர்ந்திருக்கின்றன.

ஆந்த்ராக்னோஸுக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூள், லிட்டருக்கு 5 கிராம். வடிகட்டி, மாலையில் தெளியுங்கள். பூவிலும் தெளிக்கலாம், ஈக்கு ஒன்றும் ஆகாது. மெட்ரோ தண்ணீராக இருந்தால் வாளியில் ஒரு ராத்திரி திறந்து வைத்து, குளோரின் போனபின் கலக்குங்கள். இது உயிருள்ள பாக்டீரியா; பூஞ்சைமருந்தோடு கலந்தால் செத்துப்போகும். காலாவதியான பாக்கெட் வெறும் டால்க் பவுடர், தேதி பார்த்து வாங்குங்கள். முறையாக இதை அக்டோபரிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடித்து வர வேண்டும்.

தத்துப்பூச்சிக்கு இப்போதைக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, சோப்புக் கரைசல் சேர்த்து. விரிந்த பூவில் படாமல், பூச்சி ஒளிந்திருக்கும் பட்டை இடுக்குகளிலும் உள்கிளைகளிலும் அடியுங்கள். பிஞ்சு கடுகளவு ஆனபின் மரம் முழுவதும் அடிக்கலாம். சாம்பல் நோய் வந்தால் நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய்க்கும் இதற்கும் இரண்டு வாரம் இடைவெளி விடாவிட்டால் இலை கருகும். கரும்படலத்துக்குக் கடையே தேவையில்லை: கால் கிலோ மைதாவை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் 5 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் பூவில்லாத இலைகள்மேல் தெளியுங்கள். காய்ந்து செதிலாக உதிரும்போது கறுப்பையும் உரித்துக்கொண்டு போகும். மேகமூட்ட நாளில் செய்தால் பசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

முழுக்கக் கறுத்த பூங்கொத்துகளைக் கிளையோடு சேரும் இடத்தில் வெட்டி அப்புறப்படுத்துங்கள். பிஞ்சு பிடிக்குமுன் வெட்டினால் பக்கமொட்டிலிருந்து மறுபூ வர வாய்ப்புண்டு. தை தாண்டி வெட்டிப் பயனில்லை. செம்புக் கொழுந்தைத் தொட வேண்டாம்.

அந்த டானிக் பாட்டிலில் என்.ஏ.ஏ. (பிஞ்சு உதிர்வதைக் குறைக்கும் பயிர் ஹார்மோன்) 4.5 சதவீதம் என்று போட்டிருந்தால், 10 லிட்டருக்கு 4.5 மில்லிதான் அளவு. கடையில் சொல்லும் “ஒரு மூடி” கணக்கு வேண்டாம். அளவு மீறினால் அதுவே பிஞ்சை உதிர்க்கும். ஒரு கொத்தில் ஆயிரம் பூ இருந்தாலும் பழமாக நிற்பது ஒன்றிரண்டுதான், உதிர்வதைக் கண்டு பதறாதீர்கள். பாக்லோபூட்ரசாலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது செப்டம்பரில் ஊற்ற வேண்டியது. தையில் விற்பவருக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தே விற்கிறார். மண்ணில் நெடுநாள் தங்கும். பக்கத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை இருந்தால் அவையும் குட்டையாகும். மூன்று மரத்துக்கு இது எதற்கு?

நீலம் பின்பருவ ரகம், பொறுங்கள். குழாயைத் திருப்பியும் பிப்ரவரியில் பூ எடுக்கவில்லையென்றால், இலை கரும்பச்சையாகி கையில் கசக்கினால் மொடமொடவென்று ஒடியும் கிளைகளில் மட்டும் பொட்டாசியம் நைட்ரேட், லிட்டருக்கு 10 கிராம், ஒரே ஒரு தடவை. கொழுந்து நிற்கும் கிளையில் அடித்தால் இன்னும் கொழுந்துதான் வரும்.