மூன்று கம்ப்யூட்டரை இணைத்துக்கொண்டிருக்கும் மகனைப் பற்றி

அன்புள்ள ஐயா,

பி.சி.ஏ. இறுதியாண்டில் இருக்கும் மகன் வளாக நேர்காணலுக்குத் தயாராகாமல், அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, வீட்டிலுள்ள விண்டோஸ் கணினியோடும் அக்காவின் மேக்கோடும் கோப்புகளைப் பகிர்ந்துகொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். 'எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது, இனி இதற்கு ஏது வேலை' என்று உங்கள் மைத்துனர் சொன்னதும் உங்களைக் கலக்கியிருக்கிறது.

மைத்துனர் சொல்வது பாதி உண்மை. கடிதமும் கணக்கு அட்டவணையும் இணையத்தில் இருந்தால் போதும். ஆனால் பெரிய அச்சகம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வடிவமைப்பாளர்கள் மேக்கில் இருப்பார்கள், கணக்குப் பிரிவு விண்டோஸில் டேலியை ஓட்டும், எல்லாக் கோப்புகளும் லினக்ஸ் சர்வரில் கிடக்கும். ஒரு நாட்காட்டிப் படமே பல நூறு எம்பி வரும். அதை ஒவ்வொரு முறையும் இணையத்தில் ஏற்றி இறக்கினால் அன்றைய அச்சு அன்று முடியாது. தவிர, அந்தக் கிளவுடும் இதே கோப்புப் பகிர்வு மொழியைத்தான் பேசுகிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான அஷ்யூர் ஃபைல்ஸ், விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரும் எஸ்எம்பி முறையில் இயங்குகிறது; அமேசானின் இஎஃப்எஸ், லினக்ஸ் கணினிகள் பகிரும் என்எஃப்எஸ் முறையில்.

லினக்ஸ் கணினியை எஸ்எம்பி பேச வைக்க உங்கள் மகன் பயன்படுத்தும் சம்பா மென்பொருளும் இப்படி நோண்டிப் பார்த்ததில்தான் பிறந்தது. கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜெல், 1991 இறுதியில், கம்பியில் ஓடும் தரவுகளைக் கவனித்தே அந்த நெறிமுறையைப் புரிந்துகொண்டு அதை எழுதினார். அவர் வீட்டிலும் யாராவது கவலைப்பட்டிருக்கலாம்!

வேலை தீர்ந்துபோகாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீம்பொருள் தாக்கியது எஸ்எம்பி முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் நிறுவல்களில் அந்தப் பதிப்பு இயல்பாக வருவதில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு இன்னும் கெடுபிடி செய்தது. நெட்வொர்க்கில் கடவுச்சொல் இல்லாமல் திறந்துகொண்டிருந்த பழைய சேமிப்புப் பெட்டிகள் பல, அப்டேட் முடிந்ததும் திறக்க மறுத்தன. அப்போது அலுவலகம் தேடும் ஆள்தான் உங்கள் மகன்.

ஆனால் அவன் எப்படிக் கற்கிறான் என்று பார்க்க வேண்டும். கோப்பு திறக்கவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். '777 அனுமதி கொடுத்துவிடுவேன்' என்றால் இன்னும் கற்கவில்லை என்று பொருள். அது எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுப்பது. நேர்காணலில் அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும். காரணத்தைத் தேடுகிறவன் வேறு மாதிரி பேசுவான். மேக்கில் முதல் பயனருக்குக் கணினி கொடுக்கும் எண் 501, உபுண்டு லினக்ஸில் 1000. வழக்கமான என்எஃப்எஸ் அமைப்பு பெயரைப் பார்க்காமல் எண்ணைத்தான் நம்பும். அதனால் அக்கா சேமித்த கோப்பு தம்பிக்கு அந்நியருடையதாகத் தெரியும். இதை அவனே கண்டுபிடித்திருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் பழைய மேக் வட்டுமுறை பிரித்துச் சேமிக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கும் லினக்ஸுக்கு அப்படியே நகலெடுத்தால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தமிழ்ப் பதிப்பகங்களிலும் நாளிதழ்களிலும் இதைப் புரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

பயிற்சி நிலையங்கள் 'நூறு சதவீத வேலை உறுதி' என்றால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். சான்றிதழ் வேண்டுமென்றால், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ நல்லது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வல்ல, கணினியில் உட்கார்ந்து செய்துகாட்ட வேண்டும். எல்பிஐசி என்ற இன்னொரு லினக்ஸ் சான்றிதழின் இரண்டாம் நிலையில் சம்பாவும் என்எஃப்எஸ்ஸும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. இத்துடன், அலுவலகப் பயனர்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியும் பேக்கப் எடுக்கும் முறையும் கட்டாயம் தெரிய வேண்டும். கோப்புப் பகிர்வு மட்டும் தெரிந்தால் போதாது. முதல் வேலை பெரும்பாலும் டெஸ்க்டாப் சப்போர்ட்டாகத்தான் இருக்கும், சம்பளமும் சுமார்தான். அதைக் கேவலமாகப் பேசி அவனைச் சோர்வாக்காதீர்கள்.

பயோடேட்டாவில் 'நெட்வொர்க்கிங் தெரியும்' என்ற வரியை எடுத்துவிடட்டும். மூன்று இயங்குதளங்களுக்கும் சம்பா சர்வர் அமைத்து, பயனர்வாரியாக அனுமதி பிரித்ததை எழுதி, வந்த சிக்கல் ஒன்றையும் அது தீர்ந்த விதத்தையும் இரண்டு வரியில் சேர்க்கட்டும்.