"பிற்பாடு வாத்தியாராகப் போய்விடலாம்" என்கிற மகளுக்கும் அவள் அம்மாவுக்கும்

வணக்கம் அம்மா. மகள் பி.காம். கடைசி வருடம், எட்டு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள், இப்போது ராத்திரி இரண்டு மணி வரை ஹெட்போனோடு உட்கார்ந்து பாட்டு மிக்ஸ் செய்கிறாள். ஸ்டுடியோ வேலை சரிப்படாவிட்டால் பிற்பாடு கல்லூரியில் பாடம் நடத்தலாம் என்கிறாளே, நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். அந்தப் "பிற்பாடு"தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பொதுவாக முதுகலையில் 55 சதவீதமும், அதன்மேல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் கேட்பார்கள். நெட்டில் இசை தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் வாங்கி, பிஎச்.டி. ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30; பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு. நாற்பதில் யோசித்தால் அந்த உதவித்தொகை கிடையாது. 15 வருடத் தொழில் அனுபவம் இருந்தால் பட்டம் கேட்காமல் எடுத்துக்கொள்ள யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் 'பிராஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்தது. ஆனால் அது தற்காலிகப் பதவி. நீங்கள் தேடும் நிரந்தரம் அதில் இல்லை.

சரி, எதை ஆராய்வது? அதற்கான விஷயம் அவள் ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. 1997-இல் வந்த ஆட்டோ-டியூன் போன்ற மென்பொருள்கள், பாடிய ஒலியைப் பக்கத்து ஸ்வரத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பவை. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரமோ ஓரிடத்தில் நிற்காது. அந்த அசைவில்தான் ராகமே இருக்கிறது. திருத்தினால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அந்த அசைவு, செத்துப்போகும். விட்டால் சில இடங்களில் கீபோர்டோடு முட்டும். எங்கே தொடுவது, எங்கே விடுவது என்று அவள் காது முடிவெடுக்கிறதே, அதை அளந்து, காரணத்தோடு எழுதினால் ஆய்வு. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக இசையையும் கணினி வழியே ஆராய்ந்தது. ஐஐடி மெட்ராஸும் அதில் பங்கெடுத்தது. சங்கீதமும் மிக்ஸிங்கும் ஒன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்தத் துறையில் நிச்சயம் இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் பாப் பாடகர் பிரின்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த சூசன் ராஜர்ஸ், நாற்பதைத் தாண்டிய பிறகு படிக்கப் போனார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்து பெர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். ஆனால் ஸ்டுடியோ தொழிலை விட்டுவிட்டுத்தான் போனார். உங்கள் மகள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நினைக்கிறாள். அதனால் முதுகலை இசையை இந்த வருடமே தொடங்கட்டும். பி.காம். பட்டத்தோடு சேர்த்துக்கொள்வார்களா, நுழைவுத் தேர்வு உண்டா என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விசாரியுங்கள். ஸ்டுடியோ வார இறுதியில் இருக்கட்டும். ஜே.ஆர்.எஃப். வாங்கும்போது சம்பள வேலை கூடாது. கல்லூரியில் சேர்ந்தபின் வெளிவேலைக்கு நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும்.

அடுத்த முறை மகளையும் அழைத்து வாருங்கள். அவள் மிக்ஸ் செய்த ஒரு பாட்டை, சுருதி திருத்துவதற்கு முன்பும் பின்பும், கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்ந்து கேட்போம்.